ஞாயிறு ஆட்டத்துக்கு ஏற்ற இசைத்தட்டுகள்

ஜூன் 8, ஞாயிறு

இன்று முதல், பழைய ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் கோவையின் ஸ்விங் நடனக் குழுவுக்கு இசை தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. குழுவில் இருபது பேருக்குச் சற்று மேல் இருக்கலாம். மாநகரின் மக்கள்தொகைக்கு இது குறைவுதான். ஆனால் உலகத்தின் பெரிய மதங்களும் இப்படித்தான் ஆரம்பித்தன.

என் தகுதியை நானே எழுதிவைத்துவிடுகிறேன். வேறு யாரும் எழுதப் போவதில்லை. நான் பல் மருத்துவன். காந்திபுரத்தில் இருக்கும் என் கிளினிக்கில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பதிவான ஜாஸ் இசை ஒலிக்காத நாள் கிடையாது. இத்தனை வருடங்களில் ஒரு நோயாளிகூட என் ரசனைக்கு மறுப்புச் சொன்னதில்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படி மறுப்பார்கள் என்று சாரதாமணி கேட்பாள். அதை நான் ஒரு வாதமாக எடுத்துக்கொள்வதில்லை.

சாரதாமணி என் மனைவி. மார்ச் மாதம் அவளுடைய இதயக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலம். இதய மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் நடை அவளுக்கு அலுத்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் யோகா கூடத்தில் ஞாயிறு மாலைகளில் நடக்கும் இந்த நடனத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற எதையும் செய்யலாம் என்று இதய மருத்துவர் அதற்கும் தலையாட்டினார். மிகவும் இளைஞர். எதற்கும் தலையாட்டுகிறார்.

நான் இசைப் பொறுப்பை ஏற்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே யாரோ செல்போனில் எதையோ ஓடவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பண்பாட்டின் மேல் அக்கறையுள்ள ஒருவர் தலையிட வேண்டியிருந்தது. நான் ஆடுவதில்லை. இசையைப் புரிந்துகொள்ள உடம்பு தேவை என்ற கொள்கை எனக்கில்லை.

முதல் நாளே என் சேகரிப்பின் உச்சத்தை எடுத்துப்போனேன். ஒரு விடுதியில் நேரடியாகப் பதிவான சிறு குழு. பதினோரு நிமிடம். சாக்ஸபோன்காரர் அதே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறார். ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்வதில்லை. கண்ணை மூடிக் கேட்டேன். திறந்தபோது தளத்தில் ஒருவரும் இல்லை. நாச்சிமுத்து மட்டும் சூரிய நமஸ்காரப் படத்துக்குக் கீழே சாய்ந்து நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து பீளமேட்டில் பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருப்பவர். குழுவில் ஆண்கள் குறைவு என்பதால் சாரதாமணி பெரும்பாலும் அவரோடுதான் ஆடுகிறாள். மையவிலக்கு விசையை நம்பிப் பிழைப்பவர். ஆடும்போதும் அதைக் கைவிடுவதில்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் கிளினிக் கம்ப்ரஸர் பழுது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மிருதுளா கூப்பிட்டாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவள். பெங்களூரில் இந்த ஆட்டத்தைக் கற்றுவந்து இங்கே குழுவை ஆரம்பித்ததும் அவள்தான். மரியாதை தெரிந்த பெண். குறை சொல்வதற்கு முன் பாராட்டிவிடுகிறாள்.

"டாக்டர், மியூசிக் பிரமாதங்க. ஆனா ஒரு பாட்டுக்குக் கையப் புடிச்சா அது முடியற வரைக்கும் விடக் கூடாது. பதினோரு நிமிஷம் ஒரே ஆளோடன்னா, ஜாதகம் பாத்துட்டில்ல ஆடோணும்?"

வழக்கத்தை விளக்கினாள். யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம். சம்மதித்துவிட்டால் பாட்டு முடியும்வரை கூடவே ஆட வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போவது அவமரியாதை. அப்படியானால் ஒரு பாட்டின் நீளம் கலையைச் சேர்ந்த விஷயமே இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வார்கள் என்பதைச் சேர்ந்தது. மூன்று நிமிடம் என்றாள். அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கமும் கிட்டத்தட்ட அதே மூன்று நிமிடம்தான். மனிதர்களின் பொறுமையும் தொழில்நுட்பத்தின் எல்லையும் ஒரே அளவாக இருந்த பொற்காலம் அது என்று சொன்னேன். "சரிங்க டாக்டர்" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

குழுவின் வாட்ஸ்அப்பில் என் முதல் பரிந்துரை. வருங்கால ஆய்வாளர்களுக்காக நகல் இங்கே:

"ஆடுகிறவர்கள் வீட்டில் கேட்டுப் பழக வேண்டியது முப்பதுகளின் பிற்பாதியில் பதிவான பெரிய குழுக்களின் இசை. உட்கார்ந்திருப்பவர்களுக்காக அல்ல, ஆட வந்தவர்களுக்காகவே அவர்கள் வாசித்தார்கள். முதலில் பாஸை, அடியில் கனமாக ஒலிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை, காதால் தேடுங்கள். அது சீராக நடந்துகொண்டே இருந்தால் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள். அதன் மேல் கிட்டார் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெட்டு வெட்டும், வெங்காயம் நறுக்குகிற மாதிரி. டிரம்பெட்டுகள் கேள்வி கேட்கும். சாக்ஸபோன்கள் பதில் சொல்லும். சுழல வேண்டிய இடம் அதுதான். நீளமான டிரம் தனி ஆவர்த்தனம் உள்ள தட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். எந்த அடியில் இருக்கிறோம் என்று தெரியாமல் கையைக் கோத்தபடி நிற்கும் இருவரைப் போலப் பரிதாபமான காட்சி வேறில்லை. நாற்பதுகளின் நடுவில் ஜாஸ் அறிவுஜீவிகளிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்ததை என்னைப் போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள். கடைசியாக ஒன்று: பதிவைத் தொடாதீர்கள். செயலிகளில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அநாகரிகம். குழுவின் பன்னிரண்டு பேரும் ஒரு வேகத்தைத் தேர்ந்துகொண்டுதான் வாசித்தார்கள்."

நிறையக் கட்டைவிரல்கள் வந்தன. நாச்சிமுத்து மட்டும் 'வெங்காய உதாரணம் அருமை டாக்டர்' என்று எழுதியிருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

முழு வெற்றி. என் விதிகளின்படி தேர்ந்தெடுத்த தட்டுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். தளம் நிறைந்தே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்த பாட்டின் முதல் அடி கேட்டதும் எழுந்தார்கள். இசை தேர்ந்தெடுப்பவனுக்கு இதைவிடச் சிறந்த விமரிசனம் கிடையாது. இந்தக் குழுவில் எழுதப்பட்ட விமரிசனங்களில் பெரும்பாலானவற்றை நானே எழுதியிருப்பதால் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

வேகமான தட்டு ஒன்று முடிந்தபோது சாரதாமணி சுவரில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றாள். தட்டு இயந்திரம் வைத்திருந்த மேசையிலிருந்து எழுந்து போய் என்னவென்று கேட்டேன். சாரலில் சுவர் ஈரமாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாளாம்.

நானும் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

வேகம் என்பது இளமையின் கொச்சை மொழி. யோசிக்க யோசிக்க இது தெளிவாகிறது. ஒரு கலைஞன் முதிர்ந்துவிட்டான் என்பதற்கு அடையாளமே அவன் மெதுவாக வாசிக்க அஞ்சாமல் இருப்பதுதான். இதைப் பரிந்துரையாக எழுத வேண்டும்.

சாரதாமணியின் மாத்திரைகள் தீரப் போகின்றன. வாங்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

இரண்டாவது பரிந்துரை அனுப்பினேன். தலைப்பு: மெதுவான தட்டுகளை ஏன் ஆட வேண்டும். "மெதுவாக ஆடும்போதுதான் ஒருவர் உண்மையில் ஆடத் தெரிந்தவரா என்பது வெளிப்படும். வேகம் பிழைகளை மறைக்கும்" என்று தொடங்கி நான்கு பத்தி. கட்டைவிரல்கள் குறைந்திருந்தன. சிந்தனைக்கு நேரம் எடுக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

மாலையின் முற்பகுதி முழுவதும் நிதானமான தட்டுகள். பிற்பகுதியில் மிருதுளாவின் வற்புறுத்தலால் வேகமானவை சிலவற்றைப் போட நேர்ந்தது.

இங்கே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. என் தட்டு இயந்திரத்தில் சுழலும் வேகத்தை இழை அளவு கூட்டவோ குறைக்கவோ பக்கவாட்டில் ஒரு சிறு நெம்பு உண்டு. முப்பதுகளில் பதிவு இயந்திரங்கள் சீராக ஓடவில்லை என்று எங்கோ படித்திருக்கிறேன். ஆகவே நாம் இன்று கேட்பது அவர்கள் வாசித்ததைவிட வேகமாக இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. நெம்பைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். இது பதிவைத் தொடுவது ஆகாது. வரலாற்றுப் பிழையைத் திருத்துவது.

சாரதாமணி ஆடும்போது நாச்சிமுத்துவோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல இசை ஒலிக்கும்போது பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இன்று பிடித்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு கடைவாய்ப் பல், இரண்டு வேர் சிகிச்சை. மாத்திரை வாங்கினேன். தண்ணீர் வராத நாள் என்பதால் மோட்டார் போட மறந்தது குற்றமாகவில்லை.

மாலையில் ஞாயிறு போட்ட கிளாரினெட் தட்டை வீட்டில் ஓடவிட்டேன். சமையலறையில் சாரதாமணி கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். கரண்டியைக் கையில் வைத்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஜாஸில் ஈடுபாடு கிடையாது. திருமணமான புதிதில் உட்காரவைத்து விளக்க முயன்றேன். தூங்கிவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

நெம்பை இன்னும் கொஞ்சம் திருத்தினேன். வரலாற்றுப் பிழை முதலில் நினைத்ததைவிடப் பெரிது.

தளம் பாதி காலி. ஒரு தம்பதி நடுவிலேயே கிளம்பிவிட்டார்கள். சாய்பாபா காலனியில் ஏதோ லத்தீன் நடனம் நடக்கிறதாம். நாச்சிமுத்து என் மேசைக்கு வந்து, "டாக்டர், இன்னைக்கு வோல்டேஜ் கம்மிங்களா?" என்று கேட்டார். அந்த டிரம்பெட்டுகள் லோ வோல்டேஜில் ஓடுகிற மோட்டார் மாதிரி முனகுவதாக அவருக்குத் தோன்றியதாம். ரசனை பழக்கத்தால் வருவது என்று சொன்னேன். ஒரு ஸ்டெபிலைசர் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததைச் சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் நான் தட்டு இயந்திரத்தின் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாரதாமணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம அந்தக் கிளாரினெட் தட்டு போட்டீங்களே, அது நம்மூட்டுத் தட்டுதானுங்களே?"

"ஆமா."

"அப்புறம் அங்க மட்டும் ஏன் அழுதுது?"

எனக்குப் புரியவில்லை என்றேன். அவள் விளக்கினாள். திருமணமாகி வந்த நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவள் இந்தத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எந்தத் தட்டில் எப்போது கிளாரினெட் நுழையும், எந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாகப் பாய்வார்கள், எதில் கீறல் எங்கே என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். கையில் வேலை இருக்கும்போது கூடவே பாடுவாள். அவள் தொண்டைக்கு அந்தக் கிளாரினெட் எங்கே நிற்கும் என்று பழக்கம். கூடத்தில் அது கீழே போய் நின்றிருக்கிறது. போன வாரம் வீட்டில் பாடிப் பார்த்தாள், மேலே நின்றது. அன்றே சந்தேகம். இந்த ஞாயிறு இன்னும் கீழே போனதும் தெரிந்துவிட்டது.

இது அத்தனையையும் அவள் மறுபடி மறுபடி தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். என் சேகரிப்பைப் பற்றி இவ்வளவு விவரமாக யாரும் என்னிடம் பேசியதில்லை. இந்த வீட்டில் இன்னொரு ரசிகர் இருந்திருக்கிறார், எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

பதிவு இயந்திரங்கள், முப்பதுகள், வரலாற்றுப் பிழை என்று நான் ஆரம்பித்தேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஸ்டென்ட் எனக்குத்தான் வெச்சாங்க. அந்தப் பன்னண்டு பேருக்கு இல்லீங்க."

துடைத்த ஊசியையே மறுபடி துடைத்தேன்.

"மார்ச்சு மாசத்துலருந்து எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசறாங்க. கதவ மெதுவாச் சாத்தறாங்க. உங்க அக்கா போன்ல தும்மறதுக்குக்கூட எட்டப் போறாங்க. அந்தக் கூடத்துல ஒருத்தரும் அப்பிடி இல்ல. வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறாங்க. அங்கயும் வந்து மெதுவாக்கிப் போட்டீங்க."

பேசிக்கொண்டே ஆட முடிந்தால் ஆடலாம் என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவள் பேச்சை நிறுத்தியதை ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆடும்போது மட்டுமல்ல.

"நீங்க பயப்படுங்க, வேண்டாங்கல. எனக்கும் சேத்து நீங்களே பயந்து முடிச்சுட்டா நான் எப்பத்தான் பொழைக்கறது?"

உட்கார்ந்து சாப்பிட்டேன். தோசை நன்றாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நெம்பை நான் தொடவில்லை. இதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே மெதுவான தட்டுகளை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். இதற்குப் பெயர் தேர்வு. தேர்வு செய்யத்தான் என்னை நியமித்திருக்கிறார்கள்.

ஆடியவர்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல இருந்தார்கள். கீழே பேக்கரியில் பஃப்ஸ் சூடாக வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். பாதிப் பேர் படியிறங்கினார்கள். இது என் தேர்வுக்குக் கிடைத்த தீர்ப்பு என்று கருத வேண்டியதில்லை. அங்கே பஃப்ஸ் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

மிருதுளா மேசைக்கு வந்தாள். இந்த முறை முதலில் பாராட்டவில்லை. அடுத்த ஞாயிறு சாரதாக்காவின் பிறந்தநாள் என்றாள். குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஒரு வழக்கம் உண்டாம். எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டுவார்கள். பிறந்தநாள்காரர் நடுவில் ஆடுவார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே யார் வேண்டுமானாலும் வட்டத்துக்குள் நுழைந்து அவர் கையை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை ஆடியவர் விட்டுக்கொடுத்து வெளியே வந்துவிட வேண்டும். பாட்டு நடுவில் துணையை விடக்கூடாது என்ற விதி அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கிடையாது. துணைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பிறந்தநாள்காரருக்கு மட்டும் ஓய்வில்லை. அதற்கு வேகமான பாட்டுதான் போடுவார்களாம்.

ஓய்வில்லை என்பதை அவள் ஒரு சிறப்பம்சமாகச் சொன்னாள்.

"அன்னைக்கும் தளம் இப்பிடியே இருந்துச்சுன்னா, அதுக்கு அடுத்த வாரத்துலருந்து போன்லயே போட்டுக்கறங்க டாக்டர். தப்பா எடுத்துக்காதீங்க."

திரும்பும் வழியில் காரில் சாரதாமணி, தன் பாட்டை முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். சிவப்பு அட்டை போட்ட தட்டு, முதல் பக்கம், முதல் பாட்டு. என்னிடம் இருப்பதிலேயே வேகமானவற்றுள் ஒன்று அது. முதல் அடியிலிருந்தே மருதமலைப் படியில் கால் தவறி இறங்குவது போல ஓடும். வேறு ஏதாவது யோசிக்கலாமே என்றேன். அந்தத் தட்டு ஓடும்போது சமையலறையில் எத்தனையோ நாள் ஆட வேண்டும்போல இருந்ததென்றும், ஆடத் தெரியாததால் அடுப்பைத் துடைத்ததாகவும் சொன்னாள்.

"நீங்க போடலீன்னா மிருதுளா போன்ல போடுவா. ஆனா நீங்க போட்டாத்தான் எனக்கு நல்லாருக்கும்."

சிக்னலில் பச்சை விழுந்தும் நான் கிளம்பவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் தெரிவித்தார்கள்.

ஜூலை 9, புதன்

இதய மருத்துவரைப் பார்க்கப் போனேன், தனியாக. சிவப்பு அட்டைத் தட்டின் முதல் பாட்டைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு போய் அவரைக் கேட்கவைத்தேன். அவர் மேசையில் விரலால் தாளம் போட்டார். அதை நான் மருத்துவக் கருத்தாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

சாரதாமணியின் பரிசோதனை முடிவுகளை மறுபடி எடுத்துக் காட்டினார். ஓட்டப் பரிசோதனையில் அவள் செய்தது அவள் வயதுக்கு நன்றாகவே இருக்கிறது. மூன்று நிமிடம் ஆடலாம், மூச்சு வாங்கினால் நிற்கட்டும், நிற்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும் என்றார். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவங்க உடம்புதானுங்களே சார்" என்றார். பிறகு என் கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

மிகவும் இளைஞர்.

ஜூலை 11, வெள்ளி

சிவப்பு அட்டைத் தட்டைத் துடைத்தேன். கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இவ்வளவு கவனமாக நான் ஏன் எதையும் பாதுகாக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

சாரதாமணிக்கு இன்று ஐம்பத்து மூன்று. அரக்கு நிறப் பருத்திச் சுடிதார். காலில் துணி ஷூ. காலையில் கோனியம்மன் கோயிலுக்குப் போய்வந்தோம். அவள் எனக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள்.

மாலை தொடக்கத்தில் நடுத்தர வேகத் தட்டுகள். தளம் நிறைந்தது. பிறகு மிருதுளா கைதட்டி வட்டம் போடச் சொன்னாள். சாரதாமணி நடுவில் போய் நின்று என்னைப் பார்த்தாள். தட்டை வைத்தேன். நெம்பின் மேல் என் விரல் இருந்தது. அது சுழியத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்யத்தான். பிறகு விரலை எடுத்துவிட்டேன்.

நாச்சிமுத்து முதலில் ஆடினார். பிறகு மிருதுளா நுழைந்து கையை வாங்கிக்கொண்டாள். அப்புறம் மென்பொருள்காரர்களில் ஒரு பையன், ஒரு கல்லூரி ஆசிரியை, மறுபடி நாச்சிமுத்து. தொடக்கத்தில் சாரதாமணி எல்லோரிடமும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். டிரம்பெட்டுகள் எழுந்த இடத்தில் அவள் பேச்சு நின்றது. முகம் சிவந்திருந்தது. வாய் திறந்திருந்தது. வாய் திறந்திருப்பவர்களைப் பார்ப்பதுதான் என் தொழில். ஆனாலும் இது எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மேசையைவிட்டு எழுந்தேன். எழுந்தது ஆடுவதற்காக அல்ல என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். அவளை உட்காரவைப்பதற்காக. கைதட்டிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு நேராக நடுவுக்குப் போனேன். அந்த ஒரு பாட்டுக்கு வட்டத்துக்குள் நுழைகிறவருக்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு நினைவில் இல்லை. கூடமே ஒரு கூச்சல் போட்டது. நாச்சிமுத்து குனிந்து வணங்கி, மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கிறவர் போல அவள் கையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், இரண்டு விரல் வைத்து.

"நாடியா பாக்கறீங்க?" என்றாள்.

"ஒரு நிமிஷம் நில்லு சாரதா."

"நிக்கறதுக்கு இல்லீங்க இந்த எடம். ஆடீட்டே பாருங்க."

ஆடும் ஒருவரின் நாடியைப் பார்ப்பது எளிதல்ல. விரலுக்குக் கீழே ஓடுவது எது, காலுக்குக் கீழே அதிர்வது எது என்று பிரிக்க முடியவில்லை. அவள் என் கையை மேலே தூக்கி அதன் கீழே சுழன்றாள். மறுபக்கம் வந்தாள். நான் இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தேன். அதை நடனம் என்று கருதலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். பாஸ் மட்டும் சீராக நடந்துகொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். நாடி வேகமாக இருந்தது. ஒழுங்காக இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நோயாளி யாரும் இல்லை.

பிறகு அந்த மென்பொருள் பையன் நுழைந்து என் மனைவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். விட்டுக்கொடுத்தேன். வழக்கம் அப்படி.

மேசைக்குத் திரும்பியபோது எனக்கு மூச்சு வாங்கியது. பாட்டு முடிந்தது. கைதட்டல். சாரதாமணி வந்து என் பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பாதி குடித்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை நான். கேட்காமல் இருக்க நிறைய முயற்சி தேவைப்பட்டது.

"என்னையவே பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க" என்றாள். "எத்தன பேர் ஆடறாங்க, அவங்களையும் பாருங்க. அவங்களுக்கும் சேத்துத்தானுங்க நீங்க பாட்டுப் போடறீங்க."

போய்விட்டாள்.

அடுத்த தட்டை வைத்தேன். அதுவும் வேகமானதுதான், மூன்று நிமிடம், நெம்பு இருந்த இடத்தில். பிறகு தளத்தில் ஆடுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இத்தனை வாரங்களில் இதைச் செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்லூரி ஆசிரியை உதட்டை அசைத்து அடியை எண்ணுகிறார். மென்பொருள் பையன் திரும்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் சற்று முன்னாலேயே திரும்பிவிட்டுக் காத்திருக்கிறான். நாச்சிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார். பல் மருத்துவர் என்ற முறையில் எச்சரிக்க வேண்டும். லத்தீன் நடனத்துக்குப் போன தம்பதி திரும்பி வந்து மூலையில் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்கள், இருவரும் வெவ்வேறு பாட்டுக்கு ஆடுவதைப் போல. பெரும்பாலானவர்கள் மோசமாக ஆடுகிறார்கள். யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. சாக்ஸபோன்கள் பதில் சொன்ன இடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சுழன்றார்கள், ஒருவர் விடாமல். அந்த இடத்துக்காகத்தான் அந்தத் தட்டை நான் வாங்கினேன்.

அந்தப் பாட்டு முழுவதும் சாரதாமணி யாரோடு ஆடினாள் என்று எனக்குத் தெரியாது.